காற்றின் சுமை

நுழையும்முன்

ஊர்திகளை நாள்தோறும் காண்கிறோம். அவற்றின் மேல்மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பவர் சிலரே. பழைய ஊர்தியின் எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததைச் செப்பனிட்டு, மீண்டும் இயங்கச் செய்வதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. எந்த உறுப்பு எவ்வளவு தாங்கும் என்று அறியும் அறிவும் வேண்டும். சென்னையின் மேற்குப் புறநகரிலுள்ள ஒரு பட்டறையில் நடந்த அத்தகைய முயற்சியைக் கூறுகிறது இக்கட்டுரை.

பட்டறைக்கு வந்த வண்டி

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் காலை எட்டு மணிக்கே ஓசை தொடங்கிவிடும். 1960களில் உருவான இத்தொழிற்பேட்டை, தென்னாசியாவின் பெரிய சிறுதொழிற்பேட்டைகளுள் ஒன்று. பெருநிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து தரும் கூடங்களுக்கு இடையே, நான்கைந்து பேர் மட்டும் வேலை செய்யும் லேத் பட்டறைகளும் இங்கு உண்டு. தேய்ந்த எஞ்சின்களைக் கடைந்து, இழைத்து, மீண்டும் ஓடவைக்கும் பட்டறைகள் அவை. அத்தகைய பட்டறை ஒன்றின் வாசலில், மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட ஒரு பழைய கார் வந்து நின்றது.

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவாக்கப்பட்ட கார் அது. இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட ஹெரால்டின் இந்திய வடிவம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிச்செலோட்டி வரைந்த உடல். முன்பக்கம் முழுவதையும் ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழ்த்துத் திறக்கும் அமைப்பு. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன் எஞ்சினைப் பெரிதாக்கி, 1962இல் டிரையம்ப் உருவாக்கிய விளையாட்டுக் கார்தான் ஸ்பிட்ஃபயர். எனவே ஹெரால்டை ஸ்பிட்ஃபயரின் மூத்த உடன்பிறப்பு என்று சொல்வதில் பிழையில்லை.

வண்டியைக் கொண்டு வந்தவன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பயிலும் இளைஞன். வண்டி அவனுடைய தாத்தாவுடையது. அவர் ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில் பொருத்துநராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் மறைந்த பிறகு எட்டு ஆண்டுகளாக வண்டி வீட்டின் பின்புறம் தார்ப்பாயின் கீழ்க் கிடந்தது. அதை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, தானே ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லி ஆறு மாதத் தவணை வாங்கியிருந்தான் அவன். கையில் இருந்தது பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் மட்டுமே.

"ஐயா, எஞ்சினை முழுசா பிரிச்சுப் புதுசாக்கணும். அப்புறம் இதையும் பொருத்தணும்" என்று சொல்லித் தோள்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தான். அது நத்தையின் ஓடுபோல் சுருண்ட இரண்டு இரும்புக் கூடுகளை முதுகோடு முதுகாக ஒட்டியது போன்றிருந்தது. பழைய டீசல் கார் ஒன்றிலிருந்து கழற்றப்பட்டு, புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் விலைக்கு வந்த டர்போ.

பட்டறை முதியவர் அதை எடுத்துச் சுற்றிப் பார்த்தார். நடுத்தண்டை விரலால் மெல்லச் சுழற்றினார். "நல்லாத்தான் இருக்கு. எதுக்கு?" என்றார்.

"இந்த எஞ்சின் 38 குதிரைத்திறன்தான் ஐயா. டர்போ வச்சா 55க்குக் கொண்டு போகலாம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடத்துல ஓட்டலாம்."

முதியவர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. "முதல்ல பிரிப்போம், தம்பி. அளந்து பாத்துட்டுப் பேசுவோம்" என்று மட்டும் சொன்னார்.

மூச்சுக்கு மேல் மூச்சு

இளைஞனின் கணக்கு வெறுங்கனவு அன்று. எஞ்சின் என்பது காற்றை உறிஞ்சி எரிபொருளோடு எரிக்கும் பொறி. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். எனவே எவ்வளவு எரிபொருளை எரிக்க முடியும் என்பதை முடிவு செய்வது, உள்ளே செல்லும் காற்றின் அளவே. ஹெரால்டின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் 63 மில்லிமீட்டர் விட்டம் உடையது. அதனுள் பிஸ்டன் 76 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். நான்கும் சேர்ந்து 948 கன சென்டிமீட்டர். எஞ்சின் இரண்டு முறை சுழன்றால் அவ்வளவு காற்று உள்ளே போகும். அதன் எடை ஏறத்தாழ ஒரு கிராம்.

சாதாரண எஞ்சினில் காற்று வளிமண்டல அழுத்தத்தால் மட்டுமே உள்ளே நுழைகிறது. டர்போ அதைத் திணித்து அனுப்புகிறது. எரிந்து வெளியேறும் புகையில் பெருமளவு ஆற்றல் வீணாகிறது. அந்தப் புகை டர்போவின் ஒரு கூட்டில் உள்ள விசிறியைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள விசிறி வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும். தண்டு நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலக்கூடியது. காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால், ஒரு கிராம் செல்லும் இடத்தில் ஒன்றரைக் கிராம் செல்லும்; எரிபொருளும் அதற்கேற்பக் கூடும். 38 என்பது 55ஐ நெருங்கும். வீணாகப் போவதைக் கொண்டே வலிமை பெறும் இவ்வமைப்பு இளைஞனைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

தெரிந்து தெளிவோம்

வெளியேறும் புகையால் இயங்கும் காற்றழுத்தி என்னும் கருத்துக்கு 1905இல் காப்புரிமை கோரியவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி. 1920களில் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் டர்போ பொருத்தப்பட்டது. எஞ்சினுக்குள் எரிதல் கட்டுமீறாதிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த நீர்மத்தை அதில் தனியே நிரப்ப வேண்டும். உரிமையாளர் பலர் அதை நிரப்ப மறந்தனர். இரண்டே ஆண்டுகளில் அக்காரின் உற்பத்தி நின்றது. 1975ஆம் ஆண்டின் போர்ஷே 911 டர்போவை உருவாக்கியவர்கள், காற்றைத் திணிப்பதற்கு ஈடாக எஞ்சினின் அமுக்க விகிதத்தை 6.5 ஆகக் குறைத்துக்கொண்டார்கள்.

ஆவடி சொன்ன பாடம்

எஞ்சினைப் பிரிக்கும் வேலை நான்கு நாள் நடந்தது. கழற்றிய ஒவ்வொரு திருகுக்கும் சீட்டு எழுதி, தனித்தனி டப்பாவில் போட்டு வைத்தான் இளைஞன். மண்ணெண்ணெயில் கழுவியபோது கரி படிந்த பாகங்கள் தம் பழைய நிறத்தைக் காட்டின. வேலைக்கு நடுவே அவன் தன் வாதத்தை எடுத்து வைத்தான்.

"எங்க தாத்தா வேலை செஞ்ச இடத்துலயே இது நடந்திருக்கு ஐயா. அங்கே டாங்கி எஞ்சின் செய்றாங்க. டி-72 டாங்கிக்கு 780 குதிரைத்திறன். டி-90 டாங்கிக்கு 1000. ரெண்டும் ஒரே அளவு எஞ்சின். டர்போ வச்சுத்தானே கூட்டினாங்க?"

அவன் சொன்னது உண்மை. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையின் முதல் விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தது. எஞ்சின் தொழிற்சாலை 1987இல் அமைந்தது. டி-72, டி-90 ஆகிய இரண்டின் எஞ்சின்களும் 12 சிலிண்டர்கள் கொண்டவை. கொள்ளளவு ஏறத்தாழ 38.9 லிட்டர். முன்னதில் எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்கும் காற்றழுத்தி உள்ளது; பின்னதில் டர்போ. இவற்றின் மூதாதையான, இரண்டாம் உலகப்போர்க் காலத்து டி-34 டாங்கியின் எஞ்சின் அதே கொள்ளளவில், காற்றழுத்தி ஏதுமின்றி, 500 குதிரைத்திறன் தந்தது.

முதியவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அது என்ன எஞ்சின், தம்பி?"

"டீசல்."

"இது?"

இளைஞன் பதில் சொல்லவில்லை. பாடநூலில் படித்தது அப்போதுதான் அவனுக்கு நினைவில் எழுந்தது. டீசல் எஞ்சினில் வெறுங்காற்று மட்டுமே அழுத்தப்படுகிறது. எரிபொருள் இறுதியில்தான் தெளிக்கப்படுகிறது. காற்று எவ்வளவு சூடானாலும் அதற்கு முன் எரிய அங்கு ஒன்றுமில்லை. பெட்ரோல் எஞ்சினிலோ காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையே அழுத்தப்படுகிறது. அழுத்தினால் காற்று சூடாகும். 35 பாகை வெயிலில் உட்புகும் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினாலே அது 70 பாகையைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் மேலும் அழுத்தப்படும் கலவை, தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன்பே மூலையில் தானாக வெடிக்கும். அதைப் பட்டறைக்காரர்கள் 'தட்டல்' என்பர். சுத்தியலால் அடிப்பதுபோல் அது பிஸ்டனைத் தாக்கும். டாங்கி எஞ்சின் பெருஞ்சுமைக்கென்றே வார்க்கப்பட்டது. 38 குதிரைத்திறனுக்கென்று வார்க்கப்பட்ட குடும்பக் காரின் எஞ்சினை அதனோடு ஒப்பிட முடியாது.

வாசலில் கிடந்த இரும்பு

பட்டறை வாசலில், வருபவர்கள் உட்காரும் கல்லைப்போல ஓர் இரும்புத் துண்டு கிடந்தது. அதுவும் ஒரு ஹெரால்டு எஞ்சின் பிளாக்தான் என்பதை இளைஞன் ஐந்தாம் நாள்தான் கவனித்தான். அதன் பக்கவாட்டில் கையளவு ஓட்டை இருந்தது.

முதியவர் தாமாகவே சொன்னார். இளமையில் அவர் சோழவரத்துப் பந்தயத்திற்கு எஞ்சின் தயார் செய்தவர். செங்குன்றத்திற்கு அப்பால், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தவை அப்பந்தயங்கள். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. 1990இல் பூந்தமல்லிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் அமையும் வரை, சென்னை மக்களுக்குக் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

"ஹெட்டைச் சீவினேன். அமுக்கம் கூடும்னு அளவுக்கு மேல சீவினேன். பயிற்சி ஓட்டத்துல வண்டி பறந்துச்சு. எல்லாரும் கை கொடுத்தாங்க. பந்தயத்துல மூணாவது சுற்றுல கனெக்டிங் ராடு முறிஞ்சு பிளாக்கைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்துச்சு. ஓட்டினவருக்கு ஒண்ணும் ஆகல. ஆகியிருந்தா நான் இந்தத் தொழில்லயே இருந்திருக்க மாட்டேன்."

சிறிது நேரம் கழித்து மேலும் சொன்னார்: "தட்டல் சத்தம் பயிற்சி ஓட்டத்துலயே என் காதுல விழுந்துச்சு தம்பி. கேக்காத மாதிரி இருந்துட்டேன். அதான் இதை வாசல்லயே போட்டு வச்சிருக்கேன்."

அளவுகோலின் தீர்ப்பு

அளக்கும் நாள் வந்தது. முதியவர் துளைமானியைச் சிலிண்டருக்குள் இறக்கி, மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், நெடுக்கும் குறுக்குமாக இரண்டு திசைகளிலும் அளந்தார். சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் சென்று திரும்பும் இடத்தில் தேய்வு மிகும். இளைஞன் ஒவ்வோர் அளவையும் தாத்தாவின் பழைய குறிப்பேட்டில் எழுதினான். வண்டிக்கு எண்ணெய் மாற்றிய நாளெல்லாம் அவர் எழுதி வைத்திருந்த ஏடு அது.

தொடக்கத்தில் 63 மில்லிமீட்டராக இருந்த துளை, முன்பே இருமுறை பெரிதாகக் குடையப்பட்டிருந்தது. இரண்டாம் முறை போட்ட பிஸ்டன்கள் 'முப்பது ஓவர்சைஸ்'. அதாவது முக்கால் மில்லிமீட்டர் பெரியவை. அதற்கு மேலும் தேய்ந்து, ஒன்றாம் சிலிண்டரின் மேற்பகுதி 63.94 காட்டியது. இனியும் குடைந்தால் சுவர் மெலிந்துவிடும்.

அடுத்து, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு. ஹெரால்டின் கிராங்க் மூன்றே இடங்களில் தாங்கப்படுகிறது. இரண்டு தாங்கிகளுக்கு நடுவே இரண்டு பிஸ்டன்களின் அடி விழும். சுமை கூடினால் தண்டு நடுவில் வளைய முற்படும். எரியும் கணத்தில் ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் விழும் விசை, ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடைக்கு ஈடானது. கூடுதலாகத் திணிக்கப்படும் அரைக் கிராம் காற்று, அந்த விசையை மேலும் பெருக்கும்.

இளைஞன் மேசைமேல் இருந்த டர்போவையும் குறிப்பேட்டையும் மாறி மாறிப் பார்த்தான். முதியவர் தீர்ப்பு எதுவும் கூறவில்லை. முடிவு வண்டிக்குரியவனுடையது என்று விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

அன்று மாலை அவன் இன்னும் சிலவற்றையும் எண்ணிப் பார்த்தான். வண்டியின் நான்கு சக்கரங்களிலும் பழைய டிரம் பிரேக்குகள். பின்சக்கர அமைப்போ, வளைவில் மிகுவேகத்தில் திரும்பினால் சக்கரம் உட்பக்கம் மடங்க இடந்தருவது. எஞ்சினை மட்டும் வலுப்படுத்தினால், ஓடும் வேகத்திற்கு நிற்கும் திறன் ஈடுகொடுக்காது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக ஊர்தியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்வதையும் அவன் அறிவான். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பிளாக் உடைந்தால் வார்த்துத் தர இன்று தொழிற்சாலை இல்லை. வாசலில் இன்னோர் இரும்பு இருக்கை மட்டுமே மிஞ்சும்.

வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு வண்டியைக் காட்டுகிறார். அதில் ஏற்றப்படுவது மென்மையான மயிலிறகு. அதுவும் அளவு கடந்தால் அச்சு முறியும் என்பது அவர் கருத்து. செயலின் வலிமை, தன் வலிமை, எதிர் நிற்பதன் வலிமை, துணையின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்குக என்றும் அவ்வதிகாரம் கூறுகிறது. மயிலிறகினும் எடையற்றதாக நாம் எண்ணுவது காற்று. அரைக் கிராம் காற்றுக்கும் அச்சை முறிக்கும் ஆற்றல் உண்டு என்பதை அந்தப் பட்டறையின் அளவுகோல் மெய்ப்பித்தது.

மறுநாள் காலை இளைஞன் சொன்னான்: "ஐயா, பழைய அளவுக்கே கொண்டு போயிடலாம்."

மீண்டும் 63

அதன்பின் நடந்த வேலை மெல்ல நடந்தது. தேய்ந்த சிலிண்டர்களைக் குடைந்து, ஒவ்வொன்றிலும் ஸ்லீவ் எனப்படும் புதிய இரும்புக் குழலை அழுத்திப் பொருத்தினார்கள். மீண்டும் துளை 63.00 ஆயிற்று. பின்பு ஹோனிங் கல்லால் இழைத்து, உட்சுவரில் குறுக்கும் மறுக்குமாக நுண்கோடுகள் இட்டார்கள். சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் எண்ணெய் ஒட்டாது. அக்கோடுகளே எண்ணெயைப் பிடித்து வைத்துப் பிஸ்டனைக் காக்கும். கிராங்க் தண்டில் விரிசல் இல்லை என்பதை உறுதி செய்து, தேய்ந்த கழுத்துகளைச் சாணை பிடித்து, அதற்கேற்ற புதிய பேரிங்குகளைப் பொருத்தினார்கள். சூட்டில் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால், பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளி விடப்பட்டது. இளைஞன் அரத்தால் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டருக்குள் வைத்து அளந்தான். ஒரு ரிங்கை அதிகம் தேய்த்துவிட்டபோது, மறைக்காமல் முதியவரிடம் காட்டினான். அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தார். அன்று முதல் அளக்கும் கருவிகள் வைத்த அலமாரியின் சாவி இளைஞனிடமே இருந்தது.

ஐந்தாம் மாத இறுதியில் எஞ்சின் உயிர்பெற்றது. முதலில் ஒரு செருமல்; பிறகு புகை; பிறகு சீரான ஓசை. முதியவர் ஒரு நீண்ட திருப்புளியின் முனையை பிளாக்கின் மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு திருப்புளியை இளைஞனிடம் நீட்டினார். "நீயும் கேளு. தட்டல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி, அது இல்லாத சத்தம் எப்படி இருக்கும்னு தெரியணும்."

புது எஞ்சினை முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாகவே ஓட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் நோக்கி, மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டாமல், வீட்டாரை ஏற்றிக்கொண்டு சென்றான் அவன். பேருந்துகளும் இருசக்கர ஊர்திகளும் முந்திச் சென்றன. பின்னிருக்கையில் இருந்த பாட்டி, தாத்தாவோடு இவ்வழியே பந்தயம் பார்க்கப் போன நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். வண்டியை விற்கும் பேச்சு அதன்பின் எழவில்லை.

அந்த டர்போ வீணாகவில்லை. அதைத் தாங்கக்கூடிய ஒரு டீசல் எஞ்சினைச் சோதனை மேடையில் ஏற்றி, திட்டப்பணியாகச் செய்துகொண்டிருக்கிறான் இளைஞன். இப்போது அவன் காற்றைச் செலுத்துவதற்கு முன்பு அளவுகளை எழுதுகிறான். குறிப்பேட்டில் தாத்தாவின் கையெழுத்து முடிந்த பக்கத்திற்கு அடுத்த பக்கத்தில், அவனுடைய கையெழுத்தில் முதல் வரியாக இருப்பது ஓர் எண்தான்: 63.00.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள ஒரு பட்டறைக்குச் சென்று, அங்குப் பயன்படும் கருவிகளின் பெயர்களையும் பயன்களையும் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. 'எஞ்சினைப் பழைய அளவுக்கே கொண்டு செல்வது' என்ற இளைஞனின் முடிவு தோல்வியா, வளர்ச்சியா? வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றின் வரலாற்றை மூத்தோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.